சண்டை போட எட்டு நிமிடம்

மோட்டாரைப் பிரிக்காமலே, ஓடவிட்டுக் காதைக் கொடுத்து, உள்ளே எந்தச் சுற்று எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள் மங்கையர்க்கரசி. கோவை கணபதியில் பம்புசெட் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். அப்படிப்பட்ட காதுக்கு, சொந்த அண்ணன் குரலில் ஒரு கோளாறு இருப்பது பிடிபட ஏழு வருஷம் ஆயிற்று என்றால், அந்தக் கோளாறு எவ்வளவு நயமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும்!

அண்ணன் சேந்தன் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த அப்பா காலமான இரண்டாம் மாதம் அந்தமானுக்குப் போனவன், அதன்பின் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான்.

"வேலை கொஞ்சம் ஜாஸ்திம்மா. வசதிப்பட்டா வர்றேன். நீ உடம்பப் பாத்துக்க."

மூன்றாவது வாரமாக இதே பேச்சு. 'வசதிப்பட்டா'வுக்குப் பிறகு ஒரே அளவு இடைவெளி, ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். மனிதன் பேசினால் ஒரு தடவை தும்மலாவது குறுக்கே வராதா? மங்கை போனை வைத்துவிட்டு, இட்லி தின்றுகொண்டிருந்த கணவனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த இன்சொல் இருக்குதல்லங்க, அது கெட்ட வார்த்தைய மட்டுந்தானே மாத்தும்?"

தண்டபாணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை மூன்று வரை உலக விஷயங்கள் எல்லாவற்றிலும் அபிப்பிராயம் வைத்திருப்பார்.

"வார்த்தையவே பாக்காதாமா. கொரல்ல எத்தன கொதிப்பு இருக்குதுன்னு பாக்குமாமா. கொதிச்சா ஆத்திக் குடுத்துரும். நாம பேசற பாலு, அக்கட்ட போறப்ப பாயசம்."

எட்டு வருஷத்துக்கு முன்னால், போன் சண்டைகளால் குடும்பங்கள் உடைகின்றன, ஊர்கள் பற்றி எரிகின்றன என்று பெரிய கூப்பாடு எழுந்து, அதன் முடிவில் வந்த சட்டம் அது. போன், செய்தி, காணொளி எல்லாவற்றிலும் 'இன்சொல்' கட்டாயம். பேசுகிறவர் பேசிய அரை நொடிக்குள், அவர் குரலிலேயே, அவர் சொல்லியிருக்க வேண்டியது எதுவோ அது அடுத்தவர் காதில் போய் விழும். நேருக்கு நேர் பேசினால் மட்டும்தான் பழைய மனிதர்கள். நாட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எல்லோரும் அது அடுத்தவர் வாய்க்காக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மங்கைக்குச் சோதித்துப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. மொட்டை மாடிக்குப் போய், கீழே இருந்த கணவனுக்குப் போன் போட்டாள். பொய்க்கோபம் பலிக்காது, நிஜக் கோபம் வேண்டும். அதற்குப் பஞ்சமில்லை.

"மூணு வாரமா தண்ணித் தொட்டிக் குழா ஒழுகுது. கண்ணு பொடனிலயா இருக்குது உங்களுக்கு? எருமைக்குக்கூட ஒரு அடி வெச்சா ஒறைக்கும்!"

சற்று நேரத்தில் தண்டபாணி சிரித்த முகமாக மேலே வந்தார். "இத சொல்றதுக்கா போன் போட்டே? அவசரமில்ல, நேரங்கெடைக்கறப்பப் பாருங்கன்னு எத்தன தன்மையாச் சொன்னே! அதான் மெதுவாப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

கோவை முழுக்க ஏன் குழாய்கள் ஒழுகிக்கொண்டிருக்கின்றன என்பது மங்கைக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அப்படியானால் அண்ணன் ஏழு வருஷமாக நிஜத்தில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான்?

கடிதம் எழுதினாள். அண்ணன் பதிலைப் போனில் சொன்னான். 'கடிதம் கிடைத்தது, ரொம்ப சந்தோஷம்' என்று பாயசம் வந்தது. நேரில் போகலாம்தான். ஆனால் ஆயிரம் மைல் கடல் தாண்டிப் போய் நிற்கும்போது, 'எதுக்கு வந்தே?' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால்? அந்தக் கேள்வியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் அவளுக்குப் பட்டது.

சேந்தன் கல்லூரி நாளிலிருந்தே அமெச்சூர் ரேடியோக்காரன். உத்தியோகம் போக, பொழுதுபோக்குக்கும் வயர்லெஸ்தான். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே நிலையம் வைத்து, வானத்தில் சுற்றும் சின்னச் செயற்கைக்கோள் வழியாக ஊர் உலகத்தோடு பேசுகிற கூட்டம் அது. மிகச் சிறிய கூட்டம். சட்டம் எழுதினவர்கள் அவர்களை மறந்தே போயிருந்தார்கள்.

"நானும் எழுதறேன்," என்றாள் மங்கை.

எழுதினாள். மோட்டார் காயில் கட்டுகிறவளுக்கு மின்சாரக் கேள்விகள் வெல்லம். சட்டதிட்டக் கேள்விகள்தான் கசந்தன. அலைவரிசையில் வசைச்சொல் கூடாது என்ற விதியை மட்டும் படிக்காமல் விட்டாள். எட்டு மாதம் கழித்து லைசென்ஸும் தனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் வந்தபோது, மொட்டை மாடியில் பாதி நிலையம் எழும்பியிருந்தது.

தேக்கு ரீப்பர் ஒன்று. அதன் குறுக்கே அலுமினியக் கம்பிகள், மீன் முள்ளைப் போல நீளமும் குட்டையுமாக.

"வானத்தோட பேசற சாமானுக்கு, நம்மூட்டு ஜன்னல் திரைக்கம்பியா?" என்றார் தண்டபாணி.

"அளவுதானுங்க முக்கியம். மேல போறது ஒரு அலைவரிசை, அது திருப்பி அனுப்பறது வேற அலைவரிசை. அதுக்கொரு முள்ளு, இதுக்கொரு முள்ளு. அரை விரக்கடை தப்புனாலும் காது கேக்காது."

"எத்தன ஒசரத்துல போகுதாமா அது?"

"எழுநூறு கிலோமீட்டரு. நம்ம தலைக்கு மேல ஒரு வாட்டி வந்தா பத்துப் பன்னெண்டு நிமிசம். அண்ணனுக்கும் நமக்கும் ஒட்டுக்காத் தெரியறது எட்டு நிமிசந்தான்."

"ஏழு வருசத்துக்கு எட்டு நிமிசமா!" என்றார் தண்டபாணி. ஆனாலும் ஆன்டெனாவைத் திருப்புகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். பழைய பஸ் ஒன்றின் வைப்பர் மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். மங்கை அதற்குப் புதுக் காயில் சுற்றி, நத்தை வேகத்தில் சுழல வைத்தாள். மின்னலுக்குத் தனியாக மண்ணில் கம்பி இறக்கினாள். ஆன்டெனாவின் காலடியிலேயே, வருகிற ஒலியை ஊதிப் பெரிதாக்கும் ஒரு சின்னப் பெட்டியை மழை படாமல் கட்டினாள்.

முதல் நான்கு நாளும் வெறும் இரைச்சல். கேபிள் நுனியில் பற்றவைப்பு விட்டிருந்ததை ஐந்தாம் நாள் கண்டுபிடித்தாள். ஆறாம் நாள் காலை, எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் திடீரென்று அடங்கி, உள்ளேயிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது.

"...பருத்தித்துறையிலேருந்து இராசநாயகம். ஆரும் கேட்டுக்கொண்டிருக்கிறீங்களோ? ஓவர்."

மங்கை மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு; 'ஓவர்' என்றால் அடுத்தவர் முறை. அழுத்தித் தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். இராசநாயகம் இலங்கையின் பருத்தித்துறையில் பேக்கரி வைத்திருப்பவர். பாணை, அதாவது ரொட்டியை, அடுப்பில் ஏற்றிவிட்டு வானொலிக்கு வருவாராம். வானத்துக்கு நல்வரவு என்றார்.

சேந்தனிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் நேரத்தைச் சொன்னாள். சனிக்கிழமை காலை பத்து நாற்பது. கொதிப்பில்லாத சேதி என்பதால் அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை பத்து நாற்பத்தொன்றுக்கு, வடகிழக்கிலிருந்து எழும்பிய கோளின் வழியே அண்ணன் குரல் வந்தது.

"மங்கை. கேக்குதா? ஓவர்."

கரகரவென்று, உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு குரல். அதில் தேன் ஒரு சொட்டுக்கூட இல்லை. இதுதான் அண்ணன்.

"கேக்குதுங்ண்ணா! நல்லாருக்கீங்ளா? ஓவர்."

"நல்லால்ல. ஓவர்."

"என்னங்ண்ணா? ஓவர்."

"நல்லால்லன்னேன். ஏழு வருசமா ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை இதையேதான் சொல்றேன். நீயும் 'சந்தோசங்ண்ணா, உடம்பப் பாத்துக்குங்க'ங்கறே. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? ஓவர்."

"நான் எப்பங்ண்ணா சந்தோசம்னேன்? ஒழுங்கா வந்து தொலைங்கன்னு வாரா வாரம் கத்துனேன்! அழுதேன்! ஓவர்."



"எனக்கு வந்தது 'வசதிப்பட்டா வாங்க'ன்னு," என்றான் சேந்தன். "அஞ்சு வருசமா உன்னைய லைசென்சு எடுக்கச் சொல்றேன். இந்தப் போனு நாசமாப் போவட்டும், ரேடியோவுல வான்னு. அதாச்சும் வந்துச்சா? ஓவர்."

"'புதுப் போனு நல்லாருக்குது'ன்னு வந்துச்சுங்ண்ணா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். 'ஓவர்' சொல்ல மறந்து, ஒருவர் சிரிப்பின் மேல் ஒருவர் ஏறிச் சிரித்தார்கள். தண்டபாணி கைக்கடிகாரத்தைக் காட்டி, நாலு நிமிஷம் போயிற்று என்று நான்கு விரலை நீட்டினார். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏழு வருஷ அடைப்பு ஒரு தடவை எடுபட்டால், தெளிந்த நீர் மட்டுமா வரும்?

"சேந்தன் மோட்டார் ஒர்க்ஸ்னு அப்பன் வெச்ச பலகை," என்றான் அண்ணன். "அப்பன் போயி ஒரு மாசத்துல அதைக் கழட்டிப்போட்டு உன்ற பேரை எழுதி வெச்சே. ஒரு வார்த்தை கேட்டியா? ஓவர்."

"'சேந்தன் எங்கே, பொம்பள கிட்ட மோட்டாரக் குடுக்க முடியாது'ன்னு வந்தவனெல்லாந் திரும்பிப் போனானுங்ண்ணா. எட்டு மணிக்குக் கடைக்கு வந்து நிக்காத ஆளோட பேரு எதுக்குங்க? நீங்க மனுசனே இல்லீங்ண்ணா. ஓவர்."

அப்போது மூன்றாவது குரல் ஒன்று, தொண்டையைச் செருமிக்கொண்டு நுழைந்தது.

"குறை நினையாதேங்கோ. இராசநாயகம். இது ஒற்றைப் பாதை, நாங்கள் எல்லாரும் உங்கட பலகைக்குப் பின்னாலைதான் வரிசையிலை நிக்கிறம். சண்டையைப் பிடியுங்கோ, வேண்டாம் எண்டேல்லை. கொஞ்சம் கெதியாய்ப் பிடியுங்கோ. ஓவர்."

"ஐயா, ஒரு நிமிசம்," என்றான் சேந்தன். குரல் இறங்கியிருந்தது. இறங்கியதால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. "மங்கை, நீ என்ற தங்கச்சியே இல்லன்னு நெனச்சுட்டுத்தான் நான் இத்தன வருசமாப் பொழைக்கறேன்."

அவன் பக்கத்து வானம் அத்தோடு முடிந்தது. கோள் அந்தமானின் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. மங்கைக்கு இன்னும் இரண்டு நிமிஷம் வானம் மிச்சமிருந்தது, பேசத்தான் ஆளில்லை. தண்டபாணி வைப்பர் மோட்டாரை நிறுத்தினார்.

"இதுக்குத்தான் இன்சொல்ல வெச்சாங்க போல," என்று மெதுவாகச் சொன்னார். அன்று மதியம் மங்கை சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"நேத்துப் பேசுனது ரொம்ப சந்தோசம்மா. நீ உடம்பப் பாத்துக்க."

அண்ணன் மன்னிப்புக் கேட்கிறானா, மறுபடி வைகிறானா? இரண்டும் இந்தக் கம்பி வழியே வந்தால் இப்படித்தான் இருக்கும். அவள் என்ன சொன்னாலும் அங்கேயும் பாயசமாகத்தான் போகும். போனை வைத்தாள். அவன் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாயிற்று. கேட்டதை இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. மகனிடம் நிஜமாகப் பேச வேண்டும் என்று இரண்டு பேர் வந்தார்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் பேசக்கூடாது என்று மங்கை திருப்பி அனுப்பினாள். எதிர்வீட்டுத் தெய்வானை மட்டும் வேறு காரியமாக வந்திருந்தாள்.

"என்ற மருமக பெங்களூர்ல இருந்து தேனாட்டம் பேசறா. அது நெசமில்லன்னு எனக்குத் தெரியாதா அம்மிணி? தெரிஞ்சேதான் கேட்டுக்கறேன். நீ இதையெல்லாம் கெளறி ஊருக்குள்ள ஆசையக் கெளப்பி உடாதே."



திங்கள், செவ்வாய், புதன். கோள் வந்தது, போனது. மங்கை ஒவ்வொரு தடவையும் அழைத்தாள். அண்ணன் வரவில்லை. வியாழக்கிழமை இராசநாயகம் வந்தார்.

"தங்கச்சி, உங்கட தமையன் வராமல் இல்லை. செவ்வாயும் வந்தவர், புதனும் வந்தவர். நீங்கள் கூப்பிட்டு முடிய, பொத்தானை அமத்திப்போட்டு ஒண்டும் கதைக்காமல் விட்டவர். எனக்கு இஞ்சை துலக்கமாய்க் கேட்டது. பின்னாலை, சனிக்கிழமை அவர் கதைக்கேக்கை இரைஞ்ச அதே கடல். ஓவர்."

இரைச்சல் என்று நினைத்து மங்கை ஒதுக்கியது அதைத்தான். மோட்டாரின் முனகலில் நோயைக் கண்டுபிடிக்கிற காது, கடலைக் கோட்டை விட்டிருந்தது.

"இன்னொண்டு," என்றார் இராசநாயகம். "சட்டக்காரருக்கு எங்களை ஞாபகம் வந்திட்டுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை இந்தக் கோளிலையும் இன்சொல்லை ஏத்தப் போறாங்களாம். எத்தினை மணிக்கெண்டு தெரியேல்லை. கதைக்கிறதெண்டால் நாளைக்கு உங்கள் ரெண்டு பேருக்கும் எட்டுற முதல் சுற்றிலை கதைச்சுப் போடுங்கோ. ஓவர்."

மங்கை பொத்தானை அழுத்தி, பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு தெரியுது. நாளைக்குப் பதினொண்ணு அஞ்சு. திட்டறதா இருந்தாலும் சரி, வாங்க. ஓவர்."

பதில் இல்லை. ஆனால் இந்த முறை கடல் கேட்டது.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் மாடியேறினார்கள். பதினொன்று ஆறுக்குச் சேந்தன் வந்தான். அழைப்புக்குறியைச் சொன்னான். 

"மங்கை, நான் ரோசனை பண்ணிப் பாத்தேன். பலகைல உன்ற பேரு இருக்கறதுதான் நாயம். நான் அங்க இருந்திருந்தா ரெண்டே வருசத்துல கடைய மூடிட்டு வேற பொழப்புப் பாத்திருப்பேன். உன்ற காது எனக்கு வராது. அது அப்பனுக்குந் தெரியும், எனக்குந் தெரியும். அதான் ரோசம். அன்னிக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. வைகாசில வர்றேன். ஓவர்."

ஏழு வருஷமாகக் கேட்கக் காத்திருந்தவை அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மங்கைக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை இனிப்பா? கணவனைப் பார்த்தாள். அவர் முகத்திலும் அதே சந்தேகம்.

"ஏத்திப்போட்டானுகளாட்ட இருக்குது," என்று தண்டபாணி கிசுகிசுத்தார்.

மங்கை பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா, என்னைய ஒரு திட்டுத் திட்டுங்க. ஓவர்."

"என்னத்துக்கு? ஓவர்."

"திட்டுங்கன்னா திட்டுங்க. இப்பச் சொன்னது நீங்க சொன்னதுதானான்னு எனக்குத் தெரியோணும். ஓவர்."

கடல் இரைச்சலுக்கு மேலே சேந்தன் ஆரம்பித்தான்:

"கிறுக்கி. களிமண்ணு மண்டை. ஆறு வயசுல என்ற சைக்கிள் பெல்லக் கழட்டி அதுல கம்பி சுத்துன கொரங்கு. கப்பல்ல ஏறுனா வாந்தி வரும்னு ஏழு வருசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத பயந்தாங்கொள்ளி. உனக்கு லைசென்சு குடுத்தவனப் புடிச்சுக் கடல்ல தள்ளோணும். போதுமா, இன்னும் வேணுமா? ஓவர்."

ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. மங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் வந்தது. தண்டபாணி ஆன்டெனாவைத் திருப்ப மறந்து நின்றார். அவளே எட்டி மோட்டாரை ஓடவிட்டாள்.

"போதுங்ண்ணா! வைகாசி வரைக்கும் என்னத்துக்குங்க காத்துட்டு இருக்கோணும்? அடுத்த வாரமே கெளம்பி வாங்க. வரலீன்னா நானே அங்க வந்து, எல்லாத்து முன்னாடியும் காதைத் திருகுவேன். ஓவர்."

"வாந்தி எடுத்துட்டேவா? சரி, நானே வர்றேன். பொங்கிப் போடு. ஓவர்," என்றான் சேந்தன். சிரித்துக்கொண்டே அவன் குரல் தேய்ந்து, இரைச்சலில் கலந்தது. அந்தமானின் வானம் முடிந்தது.

மங்கைக்கு இன்னும் ஒன்றரை நிமிஷம் இருந்தது. இராசநாயகத்தைக் கூப்பிட்டாள்.

"ஐயா, நாங்க முந்திட்டோமுங்க. அவங்க ஏத்தறதுக்குள்ள பேசி முடிச்சுட்டோம். ஓவர்."

"முந்தினீங்களோ?" என்றார் இராசநாயகம். "தங்கச்சி, அவங்கள் காலமை ஆறு மணிக்கே ஏத்திப் போட்டாங்கள். நான் உங்களுக்கு எட்டாத ஒன்பதரைச் சுற்றிலையே சோதிச்சுப் பாத்திட்டன். என்ரை நல்ல ஆன்டெனா ஒண்டை இரவல் வாங்கிக்கொண்டு போய் மூண்டு வரியமாய்த் தராத ஒருத்தர் இருக்கிறார். அவரை வாய்க்கு வந்தபடி ஏசினன். 'ஆறுதலாய், நேரமிருக்கேக்கை தாருங்கோ ஐயா' எண்டு போய்ச் சேர்ந்திருக்கு. மனுசன் எனக்கு நன்றி சொல்லுறார். ஓவர்."



"அப்பறம் எங்கண்ணன் திட்டுனது மட்டும் எப்படிங்க அப்படியே வந்துச்சு? ஓவர்."

"ஓம், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். களிமண் மண்டை, பயந்தாங்கொள்ளி எல்லாம் துப்பரவாய் வந்தது." பின்னால் பாண் அடுப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அதிலை ஆத்துறதுக்கு இன்சொல்லுக்குக் கொதிப்பு ஒண்டும் அகப்படேல்லையாக்கும். ஓவர்."